சோயா மாவும் பச்சை ஸ்டிக்கரும்

செப். 9, செவ்வாய்

காலையில் தூறல். சாமையைக் கொட்டகைக்குள்ளேயே பரப்பினோம்.

எங்கள் மகளிர் குழுவின் சத்துமாவுக்கு முதல் பெரிய ஆர்டர். வேலூரில் கடை வைத்திருப்பவர் ஜீப்பில் வந்தார். ஒரு கட்டு பச்சை ஸ்டிக்கர் தந்தார். ‘மரபணு மாற்றப்பட்ட பொருள் எதுவும் இல்லை’ என்று அச்சடித்தது. கூடவே உறுதிமொழித் தாள். செயலாளர் நான், அதனால் கையெழுத்தும் நான்.

சாமை எங்கள் விதை. அதற்கு எங்கே வேண்டுமானாலும் போடுவேன். ஆனால் மாவில் சோயாவும் சேர்கிறது. மலைக்குக் கீழே க.பாக்கத்தில், கடையில் வாங்குவது. அது எந்த விதையில் விளைந்தது, யாருக்குத் தெரியும்?

அவரிடமே கேட்டேன். “எல்லாரும் ஒட்றாங்கம்மா. நீங்க மட்டும் இன்னா புதுசா?” என்றார்.

போடவில்லை. வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறாராம்.

செப். 10, புதன்

மாவு மெஷின் பெல்ட் மாற்றியாயிற்று.

குழுத் தலைவி ராணியக்காவுக்குக் கோபம். “மலைக்கு வர்ற பஸ்ஸே ரெண்டு. ஆர்டர் வூடு தேடி வருது, நீ வாணாங்கிற. பதினோரு பொம்பளைங்க பொழப்புடி.”

அதுவும் நியாயம்தான்.

“அந்த மாத்துன விதை கெடுதல்னு உனக்குத் தெரியுமா?” என்றும் கேட்டார். தெரியாது. படித்தவர்களே அடித்துக்கொள்கிறார்கள். நான் சொல்வது வேறு. தெரியாததை ‘இல்லை’ என்று எழுதினால் பொய். வாங்குகிறவள் அதைப் படித்து நம்பித்தானே பிள்ளைக்குக் காய்ச்சுவாள்?

செப். 11, வியாழன்

முதல் பஸ்ஸில் க.பாக்கம். ராணியக்காவும் வந்தார், என் வாயை அடைக்க.

வாங்கியவை: உப்பு, கோணி ஊசி, ஏலக்காய்.

மாவுக்கடையில் சோயா மூட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெறும் வெள்ளைச் சாக்கு. ஊர் இல்லை, பேர் இல்லை.

“எங்கிருந்து வருதுங்க?”

கடைக்காரர் சிரித்தார். “மாவுக்கு ஜாதகமா எழுதுவாங்க? மலையில கீறவங்களுக்கு இதெல்லாம் இன்னாத்துக்கு? வேணும்னா வாங்கு, இல்லைன்னா நகரு.”

திரும்பும் பஸ்ஸில் ராணியக்கா மூன்று தடவை சொன்னார்: “நகருன்னுட்டான் பாத்தியா.”

சாயங்காலம் சோயாவுக்குப் பதில் எங்கள் கொல்லையில் விளைந்த கொள்ளு வறுத்து அரைத்தோம். வாசனை கொஞ்சம் தூக்கல். ருசி மோசமில்லை.

செப். 12, வெள்ளி

நல்ல வெயில். பத்து மணிக்கு ஜீப்.

கொள்ளு மாவைக் கொடுத்தேன். வேலூர்க்காரர் வாயில் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. “சோயான்னாதான் போவும். கையெழுத்து போடும்மா, நேரமாவுது.”

“இந்த மாவுக்குன்னா இப்பவே போட்றேன். சோயா மாவுக்குப் போடமாட்டேன்.”

அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “இங்க வேற யாருக்கும் கையெழுத்து போடத் தெரியாதா?”

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ராணியக்கா எழுந்தார். முடிந்தது என்று நினைத்தேன். நேராகப் போய் ஸ்டிக்கர் கட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“நல்லாவே தெரியும் சார். அதனாலதான் போடல.”

ஜீப் காலியாகவே இறங்கிப் போனது. ஆர்டரும்தான். இரண்டு பேர் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

கொள்ளு மாவு முப்பது பாக்கெட். நாளை படவேடு கோயில் வாசலில் நாங்களே விற்கப்போகிறோம். முப்பதிலும் நானே பேனாவால் எழுதினேன்: சாமை, கொள்ளு எங்கள் கொல்லையில் விளைந்தது. ஏலக்காய் கடையில் வாங்கியது, எங்கே விளைந்தது என்று தெரியாது.