பரமேஸ்வரிக்கு ஒரு ஜோடி பனி பூட்ஸ்

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கொடியில் துணி காயவில்லை. மோட்டார் சைக்கிள் பின் டயருக்குக் காற்று அடிக்க வேண்டும்.

டிசம்பர் கடைசியில் ஜப்பான். மகள் கவிதா அங்கே வேலையில் இருக்கிறாள். அம்மாவைப் பனிமலையில் நடக்க வைக்க வேண்டுமாம். மனைவி பரமேஸ்வரிக்கும் அதே நினைப்பு. புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஒரு வருடம். ஆள் தேறிவிட்டாள், முடியும் வளர்ந்துவிட்டது. சிகிச்சை மருந்தில் கால் விரல்கள் மட்டும் மரத்தது மரத்ததுதான். எதில் இடித்துக்கொண்டாலும் ப.வுக்குத் தெரிவதில்லை, ரத்தத்தைப் பார்த்து நான்தான் கத்துகிறேன்.

டாக்டர் சொன்னது: போகலாம். ஆனால் பூட்ஸ் கடித்தாலும் விரல் உறைந்தாலும் அவருக்குத் தெரியாது. சரியான பூட்ஸ் இல்லாமல் பனியில் இறங்கவே கூடாது.

ஆக, பூட்ஸ் அமையாவிட்டால் பயணம் இல்லை.

கவிதா வாட்ஸாப்பில் அனுப்பிய பட்டியல்:
– தண்ணீர் புகக் கூடாது
– உள்ளே கனத்த லைனிங்
– கணுக்காலுக்கு மேல் உயரம்
– அடியில் ஆழமான வெட்டு, வழுக்காமல்
– ஒரு சைஸ் பெரிது

கடைசி வரியை அடித்துவிட்டேன். பட்டர்வொர்த் குளிர்க்கிடங்கில் இருபத்திரண்டு வருடம். தினமும் மைனஸ் பதினெட்டில் மீன் பெட்டி அடுக்குகிறவனுக்கு மகள் பாடம் எடுக்கிறாள். தொளதொள பூட்ஸில் மரத்த கால் தடுக்கி விழாதா?

நவம்பர் 19, புதன்

லீவு. வெயில் மண்டையைப் பிளந்தது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம், சந்துக்குள் ஒரு குளிர் உடுப்புக் கடை. இருந்தது ஒரே மின்விசிறி, அதுவும் கடைக்காரர் பக்கம் திரும்பியிருந்தது.

"பனியில இது தாங்குமா அண்ணே?"

"தாங்கும்லா. வாங்கிட்டுப் போன யாரும் வந்து குறை சொன்னதில்ல."

"நீங்க பனி பார்த்திருக்கீங்களா?"

"ஃப்ரிட்ஜுலதான்."

ப. விழுந்து விழுந்து சிரித்தாள். பனியைப் பார்க்காத மூன்று பேர் கூடி பனி பூட்ஸ் தேர்ந்தெடுத்தோம்.

ஐந்து ஜோடி. ஒன்று இரும்புக் கனம். ஒன்று அழகு, ஆனால் ஜிப் வைத்தது. அந்த வழியாகத் தண்ணீர் புகும், வேண்டாம். கடைசியில் சாம்பல் நிறம், கயிறு கட்டுவது, எடை குறைவு. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் போட்டுப் பார்த்தாள். நான் குனிந்து முன்பக்கம் அமுக்கிப் பார்த்தேன். கச்சிதம்.

"கடிக்குதா?"

"கடிச்சா எனக்கு எப்படிங்க தெரியும்?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் இன்னொரு முறை முன்பக்கத்தை அமுக்கிப் பார்த்தேன்.

நவம்பர் 20, வியாழன்

குளியலறையில் பேசின் நிறையத் தண்ணீர். அதில் பூட்ஸோடு ப., இருபது நிமிடம். நின்றபடியே கீரை ஆய்ந்தாள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னா பரமு, மூனாவது மாடி வரைக்கும் பஞ்சிரா?" என்றார். பஞ்சிர் என்றால் வெள்ளம். உள்ளே வைத்த டிஷ்யூ நனையவில்லை.

கவிதாவுக்குப் படம் அனுப்பினேன். "அப்பா, சைஸ்?" என்று கேட்டிருக்கிறாள். பதில் போடவில்லை.

நவம்பர் 22, சனி

பூட்ஸ் சரியில்லை. ஒரு சைஸ் பெரியது வேண்டும். கவிதா சொன்னதுதான் சரி. இதை இவ்வளவு சந்தோஷமாக எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

மதியம் ப.வை ஃபெரியில் கூட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனேன். குளிரில் பூட்ஸைச் சோதிக்க வேண்டும். சூப்பர்வைசர் முன்னறை வரைக்கும் விட்டார். அங்கே மைனஸ் ஐந்துதான். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை என்றார். ப.வுக்கு என் கிடங்கு ஜாக்கெட், கவிதா அனுப்பிய கனத்த கம்பளிக் காலுறை. அதன் மேல் பூட்ஸ் ஏறவே மாட்டேன் என்றது, இழுத்துத் திணித்துக் கட்டிவிட்டேன். காலுறையை மறந்து வெறுங்காலுக்கு அளவு பார்த்த மடையன் நான். வருடம் முழுக்கச் செருப்பு போடுகிற ஊரில் யாருக்கு அந்த யோசனை வரும்?

ஆறாவது நிமிடம்.

"ஏங்க, குளிருது."

"ஜிப்பை மேல இழு."

"உடம்பு இல்லங்க. கால். வலது சுண்டு விரல்."

"இறுக்கமா இருந்தா ரத்தம் ஓடாது, குளிரத்தான் செய்யும். வா, வெளிய போய்க் கழட்டலாம்."

கதவுக் கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சுண்டு விரல். ஒரு வருடமாக எதுவுமே தெரியாத விரல்.

திரும்பிப் பார்த்தேன். ப. அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. வெளியிலிருந்து சூப்பர்வைசர் கண்ணாடியைத் தட்டினார். ப.வின் கையைப் பிடித்து இழுத்தேன், அவள் நகரவில்லை.

"இருங்க. இன்னும் கொஞ்சம் குளிரட்டும்."