பண்ணாடி கோத்த ஊசி

இன்றைக்கு உன் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன், மாப்ளே. தோட்டத்து முதலாளி, நம் பண்ணாடி, புதிதாகக் கரண்டு மோட்டார் வைத்திருக்கிறார். ஊரே கூடி நின்றது. நம் ஆட்களைத் தள்ளி நின்று கையேந்தச் சொல்லி, எட்டாத உயரத்திலிருந்து ஊற்றினார்கள். "என்னமா இனிக்குதுங்க!" என்றான் ஒருவன். இனிக்காமல்? உன்னைக் கரைத்த தண்ணீர். குனிந்தபோது அரைஞாணில் செருகியிருந்த கோணி ஊசி வயிற்றில் குத்தியது. நீதானோ என்று நினைத்தேன். நீ எப்போதுமே குத்திப் பேசுகிறவன்தானே.

பாறைக் கிணறு வெட்டும் நம் கூட்டத்தில் அலுப்புக்குக் கஞ்சா இழுக்காதவர்கள் இரண்டே பேர். ஒன்று நீ. இன்னொன்று நான், எனக்கு மீசை முளைக்கவில்லையென்று யாரும் தரவில்லை. "குழிக்குள்ள ஒரு மருந்து, மண்டைக்குள்ள ஒரு மருந்துன்னா பாடைதாண்டா" என்பாய். அதற்குத்தான் அந்த ஊசி. கிணற்றில் இறங்குமுன் ஒவ்வொருவனும் அதில் நூல் கோக்க வேண்டும். முடியாதவன் அன்றைக்கு மேலேயே கல் சுமப்பான். ஒருநாள் ஊசிக் காதை மெழுகால் அடைத்து வைத்தேன். ஒருவனாலும் கோக்க முடியவில்லை, உன்னாலும்தான். "எவன்டா நமக்குத் தெரியாம நமக்கே குடுத்தது?" என்று நீ முழித்த முழி!

அன்றைக்குப் பாறையில் வெடிமருந்து அடைத்த நாலு குழிக்குத் திரி வைத்தாய். மூன்றுதான் வெடித்தது. வெடிக்காத குழியை மறுநாள் வரை தொடக்கூடாது என்று கிணறு வெட்டுகிற எவனுக்கும் தெரியும். "நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்றாய். ஆனால் மறுநாள் பண்ணாடியின் புதுச் சம்பந்திகள் கிணறு பார்க்க வருகிறார்களாம். ஊற்றுத் தண்ணீரைக் காட்டாவிட்டால் மானம் போய்விடுமாம்.

வெல்லத்தில் உருட்டிய கஞ்சாவைப் பண்ணாடியே எடுத்து வந்தார். "தின்னுடா, பயம் போயிரும்" என்று உன் உள்ளங்கையில் வைத்தார். வைத்தார், மாப்ளே, எறியவில்லை. அவர் விரல் நம் ஆள் ஒருவன்மேல் பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கையை மறுக்க மாட்டாமல் நீ தின்றாய்.

நிழலில் உட்கார்ந்து கண் சொருகிய பிறகும் ஊசியைக் கேட்டாய். நூல் பக்கவாட்டிலேயே போனது. "மாப்ளே, ரெண்டு ஊசி தெரியுது, எதுல கோக்கட்டும்?" என்று சிரித்தாய். அப்புறம் சிரிப்பு நின்றது.

"நான் எறங்கலீங்க பண்ணாடி. ஊசி கோக்க முடியலீங்க."

அவர் அதைப் பிடுங்கினார். நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, ஒரே தடவையில் கோத்தார்.

"கோத்தாச்சு. எறங்குடா."

ஊசியை உன் முன்னால் போட்டார். அதை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு வடத்தைப் பிடித்தாய். கொஞ்ச நேரத்தில் நாலாவது குழி வெடித்தது.

நீ முழுதாக மேலே வரவில்லை. கல் அள்ளுகிற கூடையிலேயே அள்ளினோம். உன் அம்மாவுக்குக் காட்ட முகம் இல்லை. ஒரு பாதத்தைக் கழுவி வைத்தோம். அதைப் பார்த்து நீதான் என்றாள்.

போலீஸ்காரர் வந்தார். "கஞ்சா குடிக்கிறவனுங்க. எத்தனையோ சொன்னனுங்க, கேக்கலீங்க" என்றார் பண்ணாடி. அவர் வாயிலும் 'ங்க' இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் முன்னால் போய், "கஞ்சா குடுத்ததும் அவருங்க, ஊசி கோத்ததும் அவருங்க" என்றேன். "நீ என்னடா, தையக்காரனா?" என்றார் போலீஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு மோட்டார் பக்கத்தில் பண்ணாடி என் இடுப்பைப் பார்த்தார்.

"ஊசியெதுக்குடா?"

"நீங்க கோத்ததுங்க."

"நானா?" என்றார். பொய்யில்லை, மாப்ளே. நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. "இன்னும் ரெண்டு கை குடிச்சுட்டுப் போ" என்றார்.

மேற்கே புதுக் கிணறு தொடங்குகிறோம். காலையில் ஆட்கள் கோப்பதற்கு வேறு ஊசி வாங்கி வைத்திருக்கிறேன். இதை யார் கையிலும் தருவதில்லை. அவர் கோத்த நூல் அப்படியே கிடக்கிறது. உருவிவிட்டால் இது வெறும் ஊசி.