ஆள் உயரத்துக்குக் குறைந்த மண்

அடியே,

இன்று காலை ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி கண்ணில் பட்டது. வருசநாட்டுப் பக்கம், மூல வைகை வளைகிற இடத்தில், இடது கரையில். வெள்ளத்துக்கு முன்னால் நாம் இருவரும் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த, நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும் மாதிரியையும், வெள்ளம் வடிந்தபின் நான் தனியாகப் போய் எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து உயரத்தைக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண் சேர்ந்த இடம் நீலம், மண் போன இடம் சிவப்பு, மாறாத இடம் வெள்ளை. உனக்குத் தெரியாததா! இந்த நிறங்களை வைத்தவளே நீதானே.

மண் போன மற்ற இடமெல்லாம் வெளிர் சிவப்பு. அந்தப் புள்ளி மட்டும் ரத்தச் சிவப்பு. ஆள் உயரத்துக்கு மண் குறைந்திருப்பதாகக் காட்டியது. இன்ஜினியர் சார் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, அங்கன இம்புட்டு ஆழமா அரிச்சிருக்கு? அப்பத் தடுப்புச் சுவர அங்கனயே கட்டீருவோம். ஒரு சுவருக்குத்தான் அனுமதி."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வாரம் அதே இடத்தில் நின்றுவிட்டு வந்தவள் நான். கரை அப்படியேதான் இருந்தது. வெள்ளம் நிஜமாகத் தின்றது அதற்குக் கீழே, ஓட்டு வீடுகள் இருக்கிற தாழ்வான பக்கம். அங்கே ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "எத்தனையோ பேரு வந்தாக, பாத்தாக, போனாக. நீயாச்சும் எங்க பக்கம் சுவரு வர்ற மாதிரி எழுது ஆத்தா. அடுத்த தண்ணிக்கு என் அடுப்படி நிக்காது" என்றாள்.

அதனால்தான் பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். அந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம். பெரிதாக்கினேன். உன் குடை.

ஐயோ, நீயா அது!

வெயில் மண்டையைப் பிளந்த அந்த மதியம் ஞாபகம் இருக்கிறதா? ட்ரோனுக்கு அடையாளமாகத் தரையில் நாம் விரித்த வெள்ளைத் துணிக் குறியை ஆடுகள் மிதித்துவிடும் என்று நீ காவலுக்கு நின்றாய். நடமாடுகிறவர்கள் மாதிரியில் விழுவதில்லை. அசையாமல் நிற்பவர்கள்தான் மண்ணோடு சேர்ந்து மேடாகிவிடுவார்கள். நான் பாறைமேலிருந்து கத்தினேன், "ஏ புள்ள, நகந்துக்கிட்டே இரு, ஒட்டிக்கிருவ!"

"போடி, இந்த வெயில்ல என்னைய ஆடச் சொல்றியா? ஒட்டுனா ஒட்டிட்டுப் போறேன்!"

பிறகு அந்த மாதிரியிலிருந்து ஆடு, பைக், பாறைமேல் குந்தியிருந்த நான் என்று எல்லாவற்றையும் அழித்தவளும் நீதான். "மண்ணு மட்டுந்தான் இருக்கணும், மத்ததெல்லாம் பொய்யி" என்பாய். உன் குடையை மட்டும் ஏதோ பாறை என்று விட்டிருக்கிறாய்.

மழைக்கு முன்னாலேயே காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பவில்லை. அந்த வெள்ளத்தை நீ பார்க்கவே இல்லை. பின்னால் எடுத்த மாதிரியில் உன் மேடு இல்லாததால், வரைபடமோ வெள்ளம்தான் உன்னை அடித்துக்கொண்டு போனது என்கிறது.

மாதிரியைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தேன். முகம் இல்லை, கை இல்லை. தலை தட்டையான ஒரு சின்ன மேடு, ஆற்றைப் பார்த்தபடி. இன்னும் கொஞ்சம் திருப்பினால் நீ என் பக்கம் பார்த்துவிடுவாய் போல இருந்தது. சுற்றிலும் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்த பட்டப்பகலில் பயந்தேன்டி. ஆனாலும் திரையை மூட மனம் வரவில்லை.

அதைச் சுற்றிக் கோடு போட்டேன். அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் நீ அங்கேயே நிற்பாய், சுவரும் உனக்கே வரும். அந்த அக்காவின் அடுப்படி ஆற்றோடு போகும். நீயே பக்கத்தில் இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டு நீயே அழுத்தியிருப்பாய். அழுத்தினேன்.

மறுபடி கழித்துப் பார்த்தபோது அந்த இடம் வெள்ளையாக இருந்தது. இன்ஜினியர் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சுவரை வீடுகள் பக்கம் குறித்துக்கொண்டார். போகிறபோது எதற்கும் இன்னொரு முறை கேட்டார்.

"அப்ப அங்கன எதுவும் போகலைல?"

"இல்ல சார், அங்கன எதுவும் போகல" என்றேன்.

என் வாயால் சொன்னேன்டி. வீட்டுக்கு வந்ததும் உனக்கு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.