லயம் இருண்டிருந்த மாலை

2007 ஜூலை, ஞாயிறு இரவு. றக்வான.

எந்த மழைக்கு எந்த மலைச்சரிவு இடியும் என்று கணித்துச் சொல்லும் புரோகிராம்தான் என் மாஸ்டர்ஸ் ஆய்வு. அது இன்றே ஓடி முடிய வேண்டியிருந்தது. விடிந்தால் கொழும்பு பஸ். ஆனால் பொழுது சாய்ந்து எல்லா வீட்டிலும் டிவி போட்டால் தேயிலைத் தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்தில் கரண்ட் இறங்கி என் கம்ப்யூட்டர் நின்றுவிடும். நேற்றும் பாதியில் நின்றது. எரிச்சலில் கத்தினேன். அம்மா அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை ஒரு விளக்குகூட எரியவில்லை. பனி இறங்கிய இருட்டில் என் திரை மட்டும் நீலமாக மிதந்தது. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.

மேல் லயத்து மாரிமுத்து மாமா வாசலில் வந்து நின்றார். சாவு விழுந்தால்தான் இங்கே மொத்த லயமும் டிவியை நிறுத்தும்.

"எந்த வீட்லம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"சாவெல்லாம் இல்லண்ணே. எங்க புள்ளயோட கம்ப்யூட்டர் ஓடுது," என்றார் அம்மா.

மாமா திரும்பிப் போகவில்லை. படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

ஒருவழியாகப் புரோகிராம் முடிந்தது. விடையும் சரியாக வந்திருந்தது. வெளியே வந்து, இருட்டில் வாசல்களில் உட்கார்ந்திருந்தவர்களிடம், "முடிஞ்சிருச்சு, எல்லாரும் லைட்டப் போடுங்க," என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை. பக்கத்து வீட்டு ராணி அக்கா நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும் புள்ள. நீயும் வந்து ஒக்காரு."

உள்ளே போய்த் திரையையும் அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கொழும்பிலேயே வேலை கிடைத்துவிட்டால்... அதை இப்போது எழுத வேண்டாம்.

மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். வெளியே இன்னும் பேச்சுச் சத்தம் கேட்கிறது. யாரும் லைட் போடவில்லை.