விழிதியூர் வரப்பும் விமானப் படமும்

11 ஏப்ரல் 1983, திங்கள்

காலையிலிருந்து கரண்ட் இல்லை. வடிகால் திட்டத்துக்காக விமானத்திலிருந்து எடுத்த படங்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பார்த்து வாய்க்கால்களை ட்ரேசிங் தாளில் வரைவது என் வேலை. விழிதியூர்ப் படத்தில், உளுந்து விதைத்த வயல்களுக்குக் குறுக்கே மெல்லிய கோடுகள். தலைமுடி என்று நினைத்து ஊதினேன். போகவில்லை. முந்தானையால் துடைத்தேன். ம்ஹூம். கட்டம் கட்டமாக, இப்போதுள்ள வரப்புகளுக்குச் சம்பந்தமே இல்லாமல் சாய்வாகப் போகின்றன.

இன்ஜினியர் தெட்சிணாமூர்த்தி சார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இது பழைய காலத்து வயலும்மா. மண்ணுக்குள்ள மூடிப்போன வாய்க்கால் இருந்தா அங்க ஈரம் தங்கும், மேல பயிர் பச்சையா நிக்கும். மிதிபட்டு இறுகின வரப்பா இருந்தா பயிர் குட்டையாப் போயிடும். தரையில நின்னா தெரியாது. மேலேருந்துதான்."

"எவ்வளவு பழசு சார்?"

"தோண்டினாத்தான் தெரியும். ஐந்நூறும் இருக்கலாம், ஆயிரமும் இருக்கலாம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "யாருக்கும் காட்டிடாதீங்க. கடலோரப் படம், இரகசியம்."

அதில் எங்கள் வயலும் இருக்கிறது. எங்கள் உளுந்து எங்களுக்கே இரகசியம்.

12 ஏப்ரல்

வீட்டில் சொல்லிவிட்டேன். காட்டக் கூடாது என்றுதானே சொன்னார், சொல்லக் கூடாது என்று சொல்லவில்லையே.

இவர் கேட்டது ஒரே கேள்வி. "அதுல நம்ம வரப்பு எங்க இருக்கு?"

மாமனார் போனதும் நிலம் இரண்டானது. பாதி இவருக்கு, பாதி தம்பி இஞ்ஞாசிக்கு. நடுவில் போட்ட வரப்பைத் தம்பி சீவிச் சீவி இந்தப் பக்கம் தள்ளிவிட்டார் என்பது இவர் கட்சி. தள்ளியது அண்ணன்தான் என்பது அவர் கட்சி. பேச்சு நின்று நாலு வருஷம். மாதா கோயில் பூசைக்கு வந்தால்கூட ஆளுக்கொரு வாசல்.

காலண்டர் தாளின் பின்பக்கம் வரைந்து காட்டினேன். பழைய வயலில் அப்படி ஒரு வரப்பே இல்லை. இவர் நிலம், தம்பி நிலம், பக்கத்து உத்திராபதி நிலத்தில் ஒரு துண்டு, எல்லாம் சேர்ந்து ஒரே வயல். சண்டை தீர்ந்தது என்று நினைத்தேன். தாளை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துப் படுத்திருக்கிறார்.

17 ஏப்ரல், ஞாயிறு

இஞ்ஞாசி வந்தார்! எங்கள் தலத்தெரு வீட்டு வாசற்படியை நாலு வருஷத்துக்குப் பிறகு மிதிக்கிறார். இவரே ஆள் விட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காபி போட்டு வருவதற்குள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் — பழைய வயல் குடும்பச் சொத்து. ஆகவே உத்திராபதியின் துண்டும் அவர்களுடையது.

"ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அது யாருதுன்னு யாருக்குங்க தெரியும்?" என்றேன்.

"யாருதா இருந்தா என்னண்ணி, நம்ம ஆளுதான்," என்றார் இஞ்ஞாசி.

"அப்ப நாம வேதத்துக்கே வரலியே."

"அதனால? நிலம் மதம் மாறுமா?" இது இவர்.

25 ஏப்ரல்

உத்திராபதி ஆபீசுக்கே வந்துவிட்டார். பாவம், நல்ல மனுஷன். "அம்மா, அதுக்கும் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பாத்துச் சொல்லுங்க. எங்களுது அதுல இருக்கும்."

சார் தலையைத் தூக்காமலே சொன்னார்: "அதுக்கு முன்னாடி கடல்." பிறகு என்னைப் பார்த்தார். என்ன பார்வை அது!

சாயங்காலம் மீன் கொண்டுவந்த நீலாயதாட்சியிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அது எங்க இடம்ல?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

6 ஜூன்

உத்திராபதியின் துண்டுக்காக அண்ணனும் தம்பியும் வக்கீல் பிடித்திருக்கிறார்கள். அவர் படத்தைக் கேட்டாராம். இரகசியம், தர மாட்டார்கள் என்றதும், "அப்ப கேஸ் ரொம்ப ஸ்ட்ராங்" என்றாராம்.

4 மார்ச் 1984, ஞாயிறு

மாசியில் மழை. உளுந்து எங்கும் ஒரே பச்சை. வறண்ட வருஷத்தில்தான் கோடு தெரியும் என்கிறார் சார். விழிதியூரில் என்னைப் பிடித்து, "இந்த வருஷம் கோடு வரலியாம்மா?" என்று கேட்கிறார்கள். நான்தான் வரவழைக்க வேண்டும்போல.

மேலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று சொன்னது வினையாகிவிட்டது. இஞ்ஞாசி பனையில் ஏறிவிட்டார். நாற்பத்தெட்டு வயதில்! ஏறியவருக்கு இறங்க முடியவில்லை. கால் உதறுகிறது. மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சேசுவே சேசுவே என்கிறார். இவர் கீழே நின்றுகொண்டு, "டேய், கோடு தெரியுதாடா?" உசுரு போற நேரத்துல கேக்குற கேள்வியா இது?

உத்திராபதிதான் ஏணியும் கயிறும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஏணி பாதிக்குத்தான் எட்டியது. மீதி மரத்தைக் கட்டிப் பிடித்து ஏறி, இஞ்ஞாசி இடுப்பில் கயிறு கட்டி, அங்குலம் அங்குலமாக இறக்கினார். இவர் ஏணியை அணைத்துப் பிடித்தபடி அழுதார். நான் பார்த்தேன்.

இஞ்ஞாசியின் நெஞ்செல்லாம் சிராய்ப்பு. கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணும் தெரியலண்ணே," என்றார். "நம்ம வரப்புகூடத் தெரியல. உளுந்து மூடிக் கிடக்கு."

மூன்று பேரும் அந்த வரப்பிலேயே உட்கார்ந்து ஒரே செம்பில் தண்ணீர் குடித்தார்கள்.

11 மார்ச்

வக்கீலைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

22 ஜூலை 1984, ஞாயிறு

நடுவரப்பை வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். அண்ணன் ஒரு மண்வெட்டி, தம்பி ஒரு மண்வெட்டி. இனி ஒரே நாற்று, ஒரே அறுப்பு, பாதிப் பாதி. உழுதது உத்திராபதியின் மாடு.

9 ஏப்ரல் 1985, செவ்வாய்

ஈஸ்டர் இஞ்ஞாசி வீட்டில் நடந்தது. இரண்டு நாளாக அங்கேயிருந்துதான் ஆபீஸ்.

இன்று புதுப் படங்கள். வறண்ட வருஷம், தாழப் பறந்து எடுத்தது, எல்லாம் பெரிதாக, துல்லியமாக இருக்கின்றன. பழைய கோடுகள் அத்தனையும் வந்திருக்கின்றன. கூடவே எங்கள் நிலத்துக்கு நடுவில் புதிதாக இரண்டு.

"இது என்னம்மா?" என்றார் சார்.

"எங்க வரப்பு சார். போன ஆடியில வெட்டி எடுத்தது." அவர் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒன்று நேர்க்கோடு, வரப்பை முதலில் போட்ட இடம். மற்றது கடைசியாக நின்ற இடம், பாம்பாக வளைந்து. வாய்க்கால் ஓரத்தில் தம்பி தள்ளியிருக்கிறார். பனைமரத்து ஓரத்தில், சந்தேகமே இல்லை, இவர்.

திரும்பி வரும்போது சத்தம் தெருமுனை வரை கேட்டது. அடுத்த தையில் உளுந்தா பயறா என்று அண்ணனும் தம்பியும் கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் உத்திராபதி, அவருக்கும் ஒரு தட்டு.

"புதுப் படம் வந்துச்சாமே, ஏதாச்சும் தெரியுதா?" என்றார் இவர்.

வாய்க்கால் நல்லாத் தெரியுது என்றேன்.