காவன்சைட் விலைக்குப் போன கல்

மார்ச் 4

தம்பி ஊசிக்கு,

போன வெள்ளிக்கிழமை ஒரு நீலக் கல்லைக் காவன்சைட் என்று சொல்லி விற்றேன். ஞாயிற்றுக்கிழமை அது காவன்சைட் இல்லையோ என்று சந்தேகம் வந்தது. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஆறு வருஷமாகப் பேசாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

குவாரிக்காரரிடம் ஒரு பெட்டி மொத்தமாக எடுத்தேன். பன்னிரண்டு கல். பெட்டி மேல் காவன்சைட் என்று எழுதியிருந்தது. நானும் பன்னிரண்டு சீட்டிலும் அதையே எழுதி ஒட்டிவிட்டேன். என் பழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், பெட்டியைப் பார்த்துப் பேர் எழுதுவேன், கல்லைப் பார்த்து எழுத மாட்டேன். நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஏழாம் நம்பர் கல்லை ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். அது இருந்த பஞ்சில் இரண்டு துணுக்கு உதிர்ந்து கிடந்தது. குப்பையில் போடப் போனேன், ஜன்னல் வெளிச்சம் பட்டு மின்னியது. சரி பார்ப்போமே என்று லென்ஸை எடுத்தேன்.

மற்ற பதினொன்றும் மெல்லிய ஊசிகள் சேர்ந்து பூப்பந்து மாதிரி உருண்டையாக இருக்கின்றன. இது தனித்தனிக் குச்சி. குச்சியின் நுனியை நேராகப் பார்த்தால் ஐந்து முனை வைத்த நட்சத்திரம். இருபத்திரண்டு வருஷமாகக் கல் விற்கிறேன். தட்டுக்கூடையில் ஆரம்பித்து இன்றைக்கு மூன்று கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

துணுக்கைக் குப்பியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கழுவவில்லை, விளக்குக்கு அடியில் காய வைக்கவும் இல்லை. அந்தப் பாடம் ஒரு தடவை படித்தது போதும். அருங்காட்சியகத்தில் கல்லுக்குப் பேர் சொல்கிற வேலையில் இருக்கிறாய். இது என்ன கல், ஒரு வார்த்தை எழுது. சுற்றி வளைக்காதே. நீ நேராகப் பதில் சொல்கிறாயா என்று பார்க்க எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். அவளிடம் எனக்குக் கோபம் கிடையாது.

அக்கா


மார்ச் 11

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

குப்பி உடையாமல் வந்து சேர்ந்தது. வீட்டில் அனைவரும் நலம்.

துணுக்குகள் நீர் சேர்ந்த கால்சியம் வனேடியம் சிலிகேட். இந்த வகையில் இரண்டு கனிமங்கள் உண்டு. ஒன்று காவன்சைட், மற்றது பென்டகோனைட். பின்னது மிக அரிது. இரண்டிலும் இருக்கும் பொருள்கள் ஒன்றே, அளவும் ஒன்றே, நீர் நான்கு பங்கு என்பதும் ஒன்றே. நீல நிறம் இரண்டுக்கும் வனேடியத்தால் வருவது. இரண்டுமே கத்தி முனையால் கீறினால் கோடு விழும் அளவுக்கு மென்மையானவை. உள்ளே அடுக்கியிருக்கும் விதம் மட்டும்தான் வேறு. சிலிகேட் கண்ணிகள் காவன்சைட்டில் நான்கும் எட்டுமாக வளையம் கட்டுகின்றன, பென்டகோனைட்டில் ஆறாறாக. பென்டகோனைட் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுற்றி வளர்வதுண்டு. அப்போது ஐந்து முனை நட்சத்திர வடிவம் தெரியும்; பெயரும் அதனால் வந்ததே.

ஆனாலும் வெறும் கண்ணால் பார்த்து முடிவு சொல்வது முறையல்ல. எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்க்க வேண்டும். கருவிக்கு வரிசை இருக்கிறது. சில வாரங்கள் ஆகலாம். விற்றுப்போன கல்லைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். வாங்கியவர் திருப்தியாகத்தான் இருப்பார்.

பாடம் படித்ததாக எழுதியிருந்தீர்கள். ஆறு வருடங்களுக்கு முன்பு வெள்ளைக் கற்களை விளக்குச் சூட்டில் வைத்தீர்கள். கல்லுக்குள் இருந்த நீர் போய், வாங்கியவர் வீட்டில் அவை மாவாக உதிர்ந்தன. அது கல்லைப் பற்றிய பாடம். அந்தக் கற்களின் சீட்டில் என்னைக் கேட்காமல் 'அருங்காட்சியக அதிகாரி பரிசோதித்தது' என்று அச்சடித்தீர்கள். அதற்காக மேலதிகாரி முன்னால் நின்று விளக்கம் சொன்னவன் நான். அந்தப் பாடத்தை நீங்கள் படித்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 16

ஊசி,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். சின்ன வயசில் என் பேனாவை உடைத்துவிட்டு 'அக்கா, நீங்க சாப்பிட்டீங்களா?' என்று வந்து நின்றவன்தானே நீ. தப்பு செய்தால்தான் உனக்கு மரியாதை வரும்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன், கேள்.

வெள்ளிக்கிழமை கல் வாங்க வந்தவர் கையில் குடை இருந்தது. வெளியே மழை இல்லை. உள்ளே வந்தவர் எதையும் சுற்றிப் பார்க்கவில்லை, நேராக ஏழாம் நம்பரிடம் போய் நின்றார்.

"இது எவ்வளவுங்க?"

சொன்னேன்.

"சரி, குடுத்துடுங்க."

"பக்கத்துல ஒண்ணு இதைவிட பெரிசு இருக்கு. அதே விலைதான். அதைப் பாருங்களேன்."

"வேணாம்மா, இதுவே போதும்."

இத்தனை வருஷத்தில் பேரம் பேசாமல் கல் வாங்கினவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பெரியதைக் காட்டியும் சிறியதை எடுத்தவர் இவர் ஒருத்தர்தான். அது போகட்டும். நான் காகிதம் சுற்றப் போனேன், வேண்டாம் என்று பைக்குள்ளிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு மெத்தை, நடுவில் ஒரு பள்ளம். கல்லை வைத்தார். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது! முன்னே பின்னே பார்க்காத கல்லுக்கு எவனாவது அளவெடுத்துப் பெட்டி செய்வானா?

ஏழாம் நம்பரின் அளவு என் விலைப்பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்துத்தான் படம் எடுப்பேன். அந்தப் பட்டியல் நாற்பது பேருக்குப் போகிறது. முப்பத்தொன்பது பேரையும் அவர்கள் பேரம் பேசுகிற லட்சணத்தையும் நான் அறிவேன். நாற்பதாவது பிரதி உன் வீட்டுக்கு வருகிறது. உன் பொண்டாட்டி வருஷா வருஷம் கேட்டு வாங்குகிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ள அவளுக்கு அது ஒரு வழி. உனக்கும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் என் சந்தேகமாகத்தான் இருந்தது. உன் கடிதம் வந்ததும் அதுவும் தீர்ந்தது. 'வாங்கியவர் திருப்தியாகத்தான் இருப்பார்.' வாங்கினது யார் என்று நான் உனக்கு எழுதவே இல்லையே, அவர் திருப்தி உனக்கு எப்படித் தெரிந்தது?

கல்லைத் திருப்பிக் கேட்க மாட்டேன். விற்றது விற்றதுதான், என் கடையில் அதுதான் சட்டம். பெட்டியைப் பார்த்துப் பேர் எழுதினது என் முட்டாள்தனம், அதற்கு உண்டான நஷ்டம் என்னுடையது. ஆனால் ஒன்று. நீ யோக்கியன், நான் கள்ளி என்று நினைத்து ஆறு வருஷம் உன் வீட்டு வாசலை மிதிக்க வெட்கப்பட்டிருக்கிறேன். இனியும் வெட்கப்பட வேண்டுமா வேண்டாமா என்று எனக்குத் தெரிய வேண்டும். பொய் சொன்னால் இதுதான் கடைசிக் கடிதம். குடைக்காரர் யார்?

அக்கா


மார்ச் 20

அக்கா,

குடைக்காரர் எங்கள் அருங்காட்சியகத் தச்சர். நான்தான் அனுப்பினேன்.

பட்டியலில் ஏழாம் நம்பர் படத்தைப் பார்த்த அன்றைக்கே தெரிந்துவிட்டது. உருண்டை இல்லை, குச்சி குச்சியாக நிற்கிறது. கீழே நீ காவன்சைட் என்று போட்டிருந்தாய், விலையும் காவன்சைட் விலை. சொந்தக் காசை எடுத்துக்கொடுத்து தச்சரை அனுப்பினேன். பெட்டியும் அவர் செய்ததுதான். திரும்பி வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், கொஞ்சம் பேரம் பேசுன்னு சொல்லி அனுப்பக் கூடாதா? அந்தம்மா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்தாங்க. குடை எடுத்துட்டுப் போனா பெரிய மனுஷன் மாதிரி இருக்கும்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அதுல இன்னும் கெட்டுது."

எங்கள் சிலிகேட் அறையில் ஒரு தட்டு காலியாக இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காலி. காவன்சைட்டுக்குப் பக்கத்துத் தட்டு. பென்டகோனைட் என்று சீட்டு மட்டும் இருக்கும், கல் இருக்காது. பென்டகோனைட் விற்கிற விலைக்கு வாங்க எங்களுக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். பார்க்க வருகிறவர்கள், "என்ன சார், கல்லை எடுத்துட்டுப் போயிட்டாங்களா?" என்று கேட்பார்கள். பத்தொன்பது வருஷமாக அதற்கு இளித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்னிடமே வந்து கேட்டிருக்கலாம். பேர் தப்பு என்று சொல்லியிருந்தால் நீ விலையை ஏற்றியிருப்பாய், அது நியாயம். இல்லையென்றால் சும்மா கொடுத்திருப்பாய். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பேசாமல் இருக்கிற அக்காவிடம் தானம் வாங்க மனசு வரவில்லை. அதனால் திருட்டுத்தனமாக வாங்கினேன். கல்லைப் பார்க்காமல் பேரைத் தப்பாகப் போடுகிறாய் என்று அந்தக் காலத்தில் உன்னிடம் கத்தினவன், நீ தப்பாகப் போட்ட பேரை வைத்து லாபம் பார்த்திருக்கிறேன்.

எக்ஸ்ரே கருவிக்கு வரிசை என்று எழுதியது பொய். குப்பி வந்த அன்று மத்தியானமே வைத்துப் பார்த்துவிட்டேன். பென்டகோனைட்தான். சந்தேகமே இல்லை.

உன் கடிதத்தை வீட்டில் படித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "உங்க அக்காகிட்டயா வேலையைக் காட்டப் பாத்தீங்க? நல்லா வேணும்" என்றாள்.

கல் இன்னும் என் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. தட்டில் வைக்கவில்லை. சீட்டில் கடைசி வரி 'யாரிடமிருந்து பெறப்பட்டது'. அதில் என்ன எழுதுவது என்று பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். விலையை நீயே சொல். என்ன சொன்னாலும் சம்மதம், மறுபேச்சு கிடையாது.

ஊசி


மார்ச் 24

ஊசிக்கு,

கடிதம் வந்தது. இரண்டு தடவை படித்தேன். தச்சர் சொன்னதை மட்டும் நாலு தடவை. அவரிடம் சொல், அடுத்த முறை வந்தால் தள்ளுபடி உண்டு, குடையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரட்டும்.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. நீயும் என்னைப் போலத்தான் என்று தெரிந்ததில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நினைக்கவில்லை. உள்ளே அடுக்கினது கொஞ்சம் வேறு, அவ்வளவுதான்.

ஒரு விஷயம் விளங்கவில்லை. ஐந்து முனை என்பதால் பென்டகோனைட் என்று பேர், உள்ளே வளையம் மட்டும் ஆறு என்கிறாய். உங்கள் ஆட்களுக்கு எண்ணத் தெரியாதா? எனக்கு மட்டும்தான் பேர் வைக்கத் தெரியாது என்று அவ்வளவு கத்தினாயே.

என் பங்குக்கு நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் பதவியைப் போட்டு அச்சடித்த சீட்டில் முந்நூறு இன்னும் மிச்சம் இருக்கிறது. உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் மாட்டேன் என்பாய் என்று தெரிந்துதான் கேட்கவில்லை. நீ மேலதிகாரி முன்னால் நின்றது எனக்கு அப்போதே காதுக்கு வந்தது. வந்து பார்க்கக் கால் வரவில்லை. தப்பு என்னுடையதுதான். ஆறு வருஷம் கழித்துச் சொல்கிறேன், வைத்துக்கொள்.

அந்த முந்நூறு சீட்டையும் நேற்று உட்கார்ந்து பாதியாக வெட்டினேன். அச்சடித்த பாதி குப்பைக்குப் போனது. மீதிப் பாதி வெறும் வெள்ளை. நல்ல தடிக் காகிதம், வீணாக்க மனசில்லை.

இனி விலை. மறுபேச்சு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டாய், அந்தக் கடிதம் என் மேஜையில் பத்திரமாக இருக்கிறது. பென்டகோனைட்டுக்கும் காவன்சைட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பணமாக வாங்க மாட்டேன். கல்லைத் தட்டில் வை. கடைசி வரியில் என் கடையின் பேரை எழுது, எழுத்து பெரிதாக இருக்கட்டும். மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் கடைக்கு வருவாய். புதிதாக வந்த ஒவ்வொரு கல்லையும் கையில் எடுத்துப் பார்த்து, அந்த வெள்ளைச் சீட்டில் உன் கையால் பேர் எழுதுவாய். கையெழுத்து வேண்டாம், பதவியும் வேண்டாம். நீ எழுதின பேரை நான் மாற்ற மாட்டேன், அதனால் விலை இறங்கினாலும் சரி. நான் போடுகிற விலையை நீ ஏன் என்று கேட்கக் கூடாது. மத்தியானச் சாப்பாடு என் செலவு, உன் வீட்டுக்காரியையும் கூட்டி வர வேண்டும். சீட்டு முந்நூறு தீரும் வரைக்கும் ஒப்பந்தம். தீர்ந்தால் நான் மறுபடி அச்சடிப்பேன், வெறும் வெள்ளையாக.

அக்கா