மிதந்ததை நான் எண்ணவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜெயஸ்ரீயின் வணக்கம். முட்டிவலி எப்படி இருக்கு? "ஒண்ணுமில்லை"ன்னுதான் சொல்வீங்க. அம்மா மாத்திரை ஒழுங்கா போடுதாளா? போன்ல உங்க கடைச் சத்தத்துல பாதி கேக்காது, அதான் எழுதுறேன்.

அடையாறு லேப்ல நான் ஆராயுற ஜீன், ஜவுளிக்கடையில நீங்க இருக்கிற மாதிரி. இழை விட்ட சேலையைச் சரிபண்ணப் பாப்பீங்க, முடியாட்டா விக்க விடமாட்டீங்க. அதுவும் பழுதான செல்லைச் சரிபண்ணப் பாக்கும், முடியாட்டா தானே செத்துப்போகச் சொல்லிரும். புற்றுநோய்ச் செல்லுல அந்த ஜீன் கெட்டிருக்கும். தட்டுல வளர்ற அந்தச் செல்லுக்குள்ள நல்ல ஜீனை வச்சோம். மூணு வாரமா ஒண்ணும் சாகலை.

நேத்து சீனியர் வர்ஷினி பக்கத்துல வந்து நின்னா.

"ஏய், எதைக் கொட்டுறே?"

"மேல மிதக்கிறதை. தட்டு அடியில ஒட்டியிருக்கிறதைத்தானே எண்ணணும்?"

"செத்த செல்தான்டி பிடியை விட்டுட்டு மிதக்கும்!"

செத்ததை எல்லாம் கொட்டிட்டு, உயிரோட இருக்கிறதை எண்ணி, ஒண்ணும் சாகலையேன்னு அழுதிருக்கேன்! இன்னைக்கு மிதந்ததையும் சேத்து எண்ணினேன். பாதிக்கு மேல செத்திருந்துச்சு. கேன்டீன்ல எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். சாவுக்கு இனிப்பு குடுத்தவ நம்ம வீட்டுல நான் ஒருத்திதான்.

போன்லயும் உங்களுக்கு ஒட்டியிருந்ததை மட்டும்தான்ப்பா சொல்லியிருக்கேன். கொட்டினது இதுதான்: ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இல்லை. ஞாயித்துக்கிழமை பேச ஆளில்லை. இட்லிப்பொடி கொஞ்சம் கூடவே அனுப்புங்க.

வர்ஷினி கூப்பிடுறா, முடிச்சுக்கிடுதேன். பதில்ல முட்டிவலியையும் எழுதுங்க. கொட்டிராதீங்க.

உங்க மகள்,
ஜெயஸ்ரீ